நடப்பவர்களின் மண்டபம்

“காணாமல் போன ஆளுக்கு இந்தக் கட்டடம் வழி விடுமோ சேர்?”

தர்மினி இப்படிக் கேட்டதும், தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோன பெலிசியன் அப்படியே நிறுத்திவிட்டார்.

“என்ன கேள்வி இது காலங்காத்தால?”

“சொல்லுங்கோ. செத்த ஆளுக்கு விடாது, அது எனக்குத் தெரியும். செத்த ஆள் நடக்கமாட்டார். காணாமல் போன ஆளுக்கு?”

“நடந்தால் விடும். ஆர் நடக்கினம் எண்டு அது கேக்காது. நடக்கினமோ எண்டு மட்டும்தான் பாக்கும். ஏன்?”

தர்மினி திரையைக் காட்டினாள். மேற்கு வாசலுக்குள் அப்போதுதான் நுழைந்திருந்த ஒரு பச்சைப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்.

“இது என்ர மனுசன்ர நம்பர்.”

சங்குமுனை நகரத்தின் பழைய சந்தையும் பஸ் நிலையமும் இருந்த இடம் அது. போரின் கடைசி வருடத்தில் இரண்டும் ஒரே பகலில் தரைமட்டமாயின. பிறகு வருடக்கணக்காக எருக்கலைதான் அங்கே குடியிருந்தது. ஏழு வயதில் தாய் தகப்பனோடு நாட்டை விட்டுப் போய், கட்டடக்கலைஞராகத் திரும்பி வந்த பெலிசியன் அந்த வெளியில் இந்தப் பொதுமண்டபத்தை எழுப்பினார். கூரையும் தூண்களும்தான் அசையாதவை. இடையில் உள்ள சுவர்கள் எல்லாம் தண்டவாளத்தில் ஓடும் இலேசான பலகைகள். உள்ளே வருபவர்களின் கைத்தொலைபேசியை வைத்து, எவர் எந்த வழியால் நடக்கிறார், எங்கே நிற்கிறார், எங்கே இருக்கிறார் என்று கட்டடம் பார்த்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் வாசல் திறக்குமுன் தன் சுவர்களை நகர்த்தி வைக்கும். பலர் நடந்த இடம் அகலமாகும். பலர் நின்ற இடத்துக்கு உட்கார வாங்கு வரும். எவரும் போகாத இடம் மூடிக்கொள்ளும். ஒரு வருடம் இப்படி. அதற்குப் பிறகு பொருத்துகளுக்குள் சாந்தை இறக்கி இறுக்கிவிடுவார்கள். அதோடு கட்டடம் என்றைக்கும் அப்படியே.

“ஏன் சேர் நீங்களே வரையாமல் ஊரை நடக்கச் சொல்லி வரையிறியள்?” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் தர்மினி கேட்டிருக்கிறாள்.

“இந்த ஊரிலை வந்த சுவரெல்லாம் ஆரோ ஒருத்தர் கட்டளை போட்டு வந்த சுவர். முள்ளுக்கம்பியும் அப்படித்தான், காவல் சென்றியும் அப்படித்தான். என்ர கட்டடத்திலை ஒரு அமைச்சராலயும் ஒரு கதவை அடைக்க ஏலாது. என்னாலயும் ஏலாது. கையால நகத்திற வசதியே நான் வைக்கேல்லை.”

அந்த இடத்தில் அவர் குரலில் ஒரு பெருமை வரும். வரட்டும். நல்ல மனுசன்தான்.

இப்போது அவர் கோப்பையை வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தார்.

“பழைய நம்பரை வேற ஆருக்கும் குடுத்திருப்பாங்கள், தர்மினி.”

“அப்படித்தான் நானும் நினைச்சன். ஆனா இது எங்கட ஒழுங்கையிலை இருந்துதான் வெளிக்கிடுது சேர். நான் வேலைக்கு வந்த பிறகு வெளிக்கிடுது. மீன்சந்தையடியில கொஞ்சம் நிக்குது. பிறகு இஞ்ச வருகுது.”

“இண்டைக்குத்தான் பாத்தனீரோ?”

“ஆயிரம் நம்பருக்குள்ள போன கிழமைதான் கண்ணில பட்டுது. பயத்திலை சொல்லேல்லை.”

புள்ளி மெதுவாக நகர்ந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றது.

“போய்ப் பாரும்,” என்றார் பெலிசியன்.

அவளுடைய கணவன் நிமலன். பதினொரு வருடத்துக்கு முன், உப்பளத்தடியில், ‘விசாரித்துவிட்டு விடுகிறோம்’ என்ற சீருடைக்காரரிடம் தாயே கையில் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்த பிள்ளை. அப்போது அவர்களுக்குக் கலியாணமாகி ஒரு தைப்பொங்கல்கூட வந்திருக்கவில்லை. தர்மினி நெற்றிப் பொட்டை அழிக்கவும் இல்லை, நம்பி வைக்கவும் இல்லை. வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

படியில் அவள் இறங்கியதை ஓடினாள் என்றுதான் சொல்லவேண்டும். குழாயடியில் அவளுடைய மாமி தவமலர் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஒருவரும் இல்லை. தர்மினி தூணுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாள்.

“ஆரைத் தேடுறாய் பிள்ளை?”

“ஒருத்தரையும் இல்லை.” பிறகு சொன்னாள்: “மாமி, உங்கட பையைத் தாங்கோ.”

“ஏன்?”

“தாங்கோ.”

பைக்குள் முடிச்சுப் போட்ட ஒரு லேஞ்சித் துணி. லேஞ்சிக்குள் ஒரு பழைய கைத்தொலைபேசி. அதன் கண்ணாடியில் ஒரு கீறல். அந்தக் கீறல் எப்படி வந்தது என்பது தர்மினிக்குத் தெரியும். அவள்தான் விழுத்தினவள்.

“இது அவரோட போனதெண்டு சொன்னியள்.”

“போகேக்கை என்ர கையில தந்திட்டுப் போனவன். ‘அம்மா, ஓஃப் பண்ணிப்போடாதைங்கோ, நான் இதுக்குக் கோல் எடுப்பன்’ எண்டவன்.”

“பதினொரு வருசம். ஒரே வீட்டுக்குள்ள. எனக்குச் சொல்லேல்லை நீங்கள்.”

“சொன்னால் நீயும் காத்திருப்பாய். ஒராள் காத்திருந்தால் காணும் எண்டு நினைச்சன். நீ சின்னப் பிள்ளை, எங்கையாவது போவாய் எண்டு பாத்தன். நீ போகவும் இல்லை.”

வடக்கு மூலையில் இருந்து மெர்சி கூப்பிட்டாள். உயரமான, கட்டைக் குரல் மனுசி; அவளும் ஒரு மகனைக் கொடுத்தவள்.

“என்னடி அங்க மாமிக்கும் மருமகளுக்கும் குழாயடிச் சண்டை? இஞ்சால வந்து பிடியுங்கோ, நாங்களும் பொழுது போக்குவம்.”

வடக்கு மூலையில்தான் அந்தத் தாய்மார் ஒவ்வொரு நாளும் இருந்தார்கள். கட்டடம் வருமுன் அதே இடத்தில் வெயிலில், தெருவோரத்தில், படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்கள். மீன்சந்தைக்காரர் கலைத்தார்கள், பொலிஸ் கலைத்தது, மழை கலைத்தது. கட்டடம் மட்டும் கலைக்கவில்லை. முதல் மாதமே சுவரைப் பின்னுக்கு இழுத்தது. வாங்கு விட்டது. கடற்காற்று வரும் பக்கம் ஒரு பெரிய திறப்பையும் விட்டது. ‘எங்களை மதிச்ச முதல் ஆள் இந்தச் சுவர்தான்’ என்பாள் மெர்சி.

“மெர்சி அக்கா, உங்களிட்டையும் போன் இருக்கோ?”

“என்ன கேள்வி பிள்ளை? இஞ்ச இருக்கிற எல்லாற்றை பைக்குள்ளயும் ஒரு பொடியன் இருக்கிறான். என்ரவன் நேற்று முழுக்கச் சார்ஜ் இல்லாமல் கிடந்தவன். உயிரோட இருக்கேக்கையும் உப்பிடித்தான், வெயில் ஏறாமல் எழும்பமாட்டான்.”

“உயிரோட இருக்கேக்கை எண்டு சொல்லாதை,” என்றாள் தவமலர்.

“சரி, வீட்டில இருக்கேக்கை.”

“உங்களுக்கெண்டு வேற போன் இல்லையோ?”

“எங்களுக்கு ஆர் பிள்ளை எடுக்கப் போயினம்?”

தர்மினி மேலே திரும்பி வந்து பெலிசியனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜன்னலடிக்குப் போய் வடக்கு மூலையைப் பார்த்தார்.

“அப்ப அந்த மூலை…”

“ஓம் சேர். உங்கட கட்டடம் அம்மாமாருக்கு இடம் விடேல்லை. பொடியளுக்குத்தான் விட்டிருக்கு.”

பெலிசியனின் கண் கலங்கிவிட்டது. அதுதான் பிழையாய்ப் போனது. மனம் இளகின மனுசர் வாய் திறக்கும் இடம் பார்த்துத் திறப்பதில்லை. அடுத்த கிழமை, தேடுதல் பணிமனையின் செயலாளர் இரத்தினவேல் மண்டபத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்று அரசாங்கம் வைத்திருந்த பணிமனை அது. பெலிசியன் அவரை வடக்கு மூலைக்கு மேலாக உள்ள மாடத்துக்குக் கூட்டிப்போனார். தர்மினியும் பின்னால் போனாள்.

“உங்கட பணிமனைக்குக் கிடைக்காத ஆக்களை என்ர கட்டடத்துக்குத் தெரியும், ஐயா,” என்றார் பெலிசியன்.

“எப்பிடி?”

“காணாமல் போன நானூறு பேரின்ர நம்பர் ஒவ்வொரு நாளும் இதுக்குள்ள நடக்குது.”

“நானூறு பேர்.”

“ஓம். அது என்னெண்டால், அவையின்ர தாய்மார்…”

இரத்தினவேலுக்கு அழைப்பு வந்தது. கையைக் காட்டிவிட்டு அப்பால் போய்க் கதைத்தார். திரும்பி வந்தபோது பெலிசியன் மிச்சத்தையும் சொன்னார், தாய்மாரைப் பற்றி, பைகளைப் பற்றி, எல்லாம். செயலாளர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். ஆனால் போகும்போது முதல் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனார்.

வானொலியில் அது நல்ல தமிழில் வந்தது. காணாமல் போனதாகக் கூறப்படும் நானூறுக்கும் மேற்பட்டோர் சங்குமுனைப் பொதுமண்டபத்தை நாளாந்தம் பயன்படுத்தி வருவது தொழில்நுட்ப ரீதியாக உறுதி செய்யப்பட்டுள்ளது. எனவே தேடுதல் பணிமனையின் பணிகள் நிறைவுக்குக் கொண்டுவரப்படும்.

“நிறைவோ?” என்றாள் மெர்சி. “என்ன, கோயில் திருவிழாவே?”

தாய்மார் பணிமனை வாசலில் போய் இருந்தார்கள். மூன்றாம் நாள் இரத்தினவேலே மண்டபத்துக்கு வந்து, வடக்கு மூலையில் அவர்கள் நடுவே ஒரு வாங்கில் இருந்தார். மரியாதையான மனுசன், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்.

“அம்மாமார், நான் உங்களை நம்பிறன். ஆனா மேல இருக்கிறவைக்கு நான் என்னத்தைக் காட்டுறது? கட்டடம் சொல்லுது நடக்கினம் எண்டு. நீங்கள் சொல்லுறியள் நடக்கேல்லை எண்டு.”

“நாங்கள்தான் கொண்டு திரியிறம் எண்டு சொல்லுறம்,” என்றாள் மெர்சி. “இந்தாங்கோ, பாருங்கோ. இதுதான் என்ர பொடியன். கை குடுங்கோ அவனுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஒரு மாதம் எல்லாத்தையும் நிப்பாட்டி வையுங்கோ. ஒரு நம்பரும் நடக்காட்டி, அவை உயிரோட நடமாடேல்லை எண்டு நான் எழுதலாம். தேடுதல் நிக்காது. ஆனா ஒரு நம்பர் நடந்தாலும் என்னால ஒண்டும் செய்ய ஏலாது.”

அவர் போனதும் எல்லோரும் ஒன்றாய் வாய் திறந்தார்கள். நிப்பாட்டினால் தேடுவாங்கள். நிப்பாட்டின நேரம் பார்த்துப் பிள்ளை எடுத்தால்? தேடுறவன் பதினொரு வருசமாய் என்ன கிழிச்சவன்? தேடுறதும் நிண்டால் பிறகு என்ன கிடக்கு? கடைசியில் ஒவ்வொருத்தியாக, சரி என்றார்கள். தவமலர் ஒருத்திதான் பையை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தாள்.

“நான் மாட்டன்.”

“தவம்,” என்றாள் மெர்சி, “உன்ர பொடியன் ஒருத்தன் நடந்தால் எங்கட பொடியள் எல்லாரும் நடக்கிறாங்கள் எண்டு சொல்லுவாங்கள்.”

“அவன் என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போனவன். நான்தான் கையில பிடிச்சுக்கொண்டு போய்க் குடுத்தனான். நீங்கள் ஒருத்தரும் குடுக்கச் சொல்லேல்லை, நானாத்தான் குடுத்தன். இதையும் நானாத்தான் நிப்பாட்டவேணுமோ?”

“மாமி,” என்றாள் தர்மினி. “அவர் உயிரோட இருந்தால், ஆராவது தேடினால்தானே கண்டுபிடிக்கலாம். எடுக்க வசதியிருந்தால் இவ்வளவு காலத்திலை ஒருக்கா எடுத்திருக்கமாட்டாரோ?”

“நம்பரை மறந்திருப்பான்.”

“தன்ர நம்பரையோ மாமி?”

தவமலர் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தர்மினி பிறகு வெகுகாலம் மறக்கவில்லை. மருமகள்மேல் கோபம் இல்லை அதில். யாரும் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டாய் என்கிற மாதிரி.

ஒருத்தி தன் தொலைபேசியை நிப்பாட்டினாள். அணையும்போது அது ஒரு சின்ன இசை எழுப்பியது. அடுத்தது வேறொரு இசை. மூலை முழுக்க ஒன்றுமேல் ஒன்றாய், பொம்மைக் கடை மாதிரி. கடைசி இசையும் அடங்கிய பிறகு தவமலர் லேஞ்சியை அவிழ்த்தாள். தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எதை அமத்திறது?”

ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

“சார்ஜ் போடத் தெரியும். காசு போடத் தெரியும். நிப்பாட்ட எனக்குத் தெரியாது பிள்ளை. நான் நிப்பாட்டினதே இல்லையே.”

தர்மினி அவளுடைய பெருவிரலைப் பிடித்துப் பக்கத்துப் பொத்தானில் வைத்தாள். அமத்தினது தவமலர்தான்.

அதன் பிறகு கட்டடம் தன் வேலையைச் செய்தது.

முதலில் ஒரு வாங்கு போனது. அதைத் தாய்மார் பெரிதாக எடுக்கவில்லை, நெருங்கி இருந்தார்கள். பிறகு கடற்காற்று வந்த திறப்பு ஒடுங்கியது. பிறகு ஒரு காலை பழரசக் கடைக்காரன் தன் கடை அகன்றிருப்பதைக் கண்டு சந்தோசப்பட்டான். தர்மினி திரையைப் பார்த்தாள். வடக்கு மூலையில் ஒரு புள்ளியும் இல்லை. ஜன்னலால் பார்த்தாள். அந்தக் காலை நேரத்துக்கே அங்கே அறுபது எழுபது தலைகள்.

“சேர், ஆக்கள் இருக்கினம்.”

“தெரியும்.”

“திரையில இல்லை. கண்ணால பாருங்கோ, இருக்கினம்.”

“எனக்குத் தெரியும் தர்மினி. அதுக்குத் தெரியாதே.”

“நீங்கள்தானே கட்டினனீங்கள். ஒரு சுவரை நிப்பாட்டுங்கோ.”

“ஒருத்தரின்ர கையாலையும் நகரக்கூடாது எண்டுதான் செய்தனான்.”

“நகத்தச் சொல்லேல்லை. நிப்பாட்டத்தான் சொல்லுறன்.”

“ரெண்டும் ஒண்டுதான்,” என்றார் பெலிசியன். கையை விரித்து மேசையில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ கை என்பதுபோல் பார்த்தார்.

“அப்ப அவைக்கு வேற போன் வாங்கிக் குடுப்பம். நான் ஆக்களிட்டைக் கேட்டு வாங்கிறன்.”

“குடுக்கலாம். ஆனா புது நம்பர் ஒண்டு மூண்டு நாலு கிழமை வந்து போனால்தான் அது கணக்கில எடுக்கும். வாற கிழமை சாந்து இறக்கிறாங்கள்.”

“வாற கிழமையோ? அந்த மாதம் முடியமுன்னமோ?”

“திகதி முதலே குறிச்சது. செயலாளருக்கும் தெரியும்.”



தர்மினி கீழே போய்ச் சொன்னபோது மெர்சிக்கு ஒரு யோசனை வந்தது. “இரவு வீட்டை போகாமல் விடியும்வரைக்கும் நாங்கள் உதுக்குள்ள இருந்தால்? எங்களை இடிச்சுக்கொண்டு சுவர் வருமோ?”

“கட்டடத்துக்கு உங்களைத் தெரியாது அக்கா. சுவர் நிக்காது.”

“அட,” என்றாள் மெர்சி. “இவன் எங்களைக் கலைச்ச பழைய ஆக்களைவிட மோசமாக் கிடக்கு. அவங்கள் கண்டிட்டுத்தான் அடிச்சவங்கள்.”

“நிமலன்ர போனைப் போடுவம் மாமி,” என்றாள் தர்மினி மெதுவாக. “எல்லாரும் போடுங்கோ. இடமாவது மிஞ்சும்.”

தவமலர் தலையசைத்தாள். “வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். இடத்தை வச்சு என்ன செய்யிறது, பிள்ளையைத் தேடமாட்டாங்கள் எண்டால்?”

சாந்து இறக்கின நாளில் பெலிசியன் வரவில்லை. காய்ச்சல் என்றார். வடக்கு மூலை இருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளைச் சுவர், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாய், நல்ல வேலை. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அதன் படம் வந்தது. போரில் இருந்து எழும் நகரத்தின் மக்கள் தாங்களே நடந்து வரைந்த கட்டடம் என்று எழுதியிருந்தார்கள். தாய்மார் அந்தச் சுவருக்கு வெளியே, தெருவோரத்தில், வெயிலில் இருந்தார்கள். சுவரில் சாய்ந்துகொள்ள முடிந்தது. அதுவரைக்கும் லாபம் என்றாள் மெர்சி.

மாதம் முடிந்த மறுநாள் தர்மினி பணிமனைக்குப் போய்விட்டு வந்தாள். தூரத்தில் வரும்போதே எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் மாமியின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். செருப்பைக் கழற்றினாள். கழற்றின செருப்பைத் திரும்பவும் போட்டாள்.

“சொல்லன்,” என்றாள் மெர்சி.

“ஒரு நம்பரும் நடக்கேல்லை எண்டு ஒத்துக்கொள்ளினம்.”

“பிறகு?”

“போன மாதம் வரைக்கும் நடந்தவையாம். பிறகு எல்லாரும் ஒரே நாளிலை நிண்டிட்டினமாம். அப்ப…” தர்மினி தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்ப, நானூறு பேரும் நாட்டை விட்டுப் போயிட்டினம் எண்டு எழுதியிருக்கினம். களவாக் கடலால போயிருக்கலாமாம். பணிமனையைப் பூட்டுறாங்கள்.”

ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இறங்கினவர்கள் சுவரைச் சுற்றி மேற்கு வாசல் பக்கம் நடந்தார்கள்.

மெர்சி ஏதோ பகிடி விடுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தவமலர் மட்டும் தர்மினியின் பக்கம் நன்றாகத் திரும்பி இருந்தாள். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்திருந்தது. தர்மினிக்கு அதைப் பார்க்கப் பயமாய் இருந்தது.

“எந்த நாடெண்டு சொன்னவையோ பிள்ளை?”

“இல்லை மாமி.”

“நீ கேக்கேல்லையோ?”

“கேக்கேல்லை.”

“கேட்டிருக்கலாமே,” என்றாள் தவமலர்.